வாசலில் முட்டிய நட்சத்திரம்

கணக்குப் படித்தவனை நம்பலாம். கணக்கை அப்போதுதான் படித்து முடித்தவனை நம்பவே கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில், நான் இரண்டாம் ரகம். பி.எஸ்.சி. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கண்ணில் பட்டதிலெல்லாம் தங்க விகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கோட்டை இரண்டாக வெட்டும்போது, முழுசுக்கும் பெரிய துண்டுக்கும் என்ன பொருத்தமோ, அதே பொருத்தம் பெரிய துண்டுக்கும் சின்ன துண்டுக்கும் இருந்தால் அதுதான் தங்க விகிதம். ஏறக்குறைய 1.618. சங்கை அளந்தேன், பன் ரொட்டியை அளந்தேன், தூங்கும்போது அப்பாவின் மீசையைக்கூட அளந்தேன். (மீசை தேறவில்லை.)

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவின் குறுக்கே கயிறு கட்டி ஒரு பெரிய நட்சத்திரம் தொங்கவிடுவோம். வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வருஷம்தான் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்: "எம் புள்ள கணக்குல பி.எஸ்.சி. நட்சத்திரம்னா இன்னான்னு இந்த தபா பாப்பீங்க."

ஐந்து முனை நட்சத்திரத்தில் கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் தங்க விகிதம். விடுவேனா? நடுவில் ஒன்றரை அடியில் ஒரு குட்டி நட்சத்திரம். அதன் முனைகளைச் சேர்த்து, அந்தக் கோடுகளை நீட்டினால் அடுத்தது. அதையும் அப்படியே நீட்டினால் அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். வெளியே டிசம்பர் மழை என்பதால், மூங்கில் பட்டையும் கண்ணாடித் தாளும் வைத்துக் கூடத்திலேயே கட்டினேன். அம்மா அடுப்படியில் படுத்தாள். அப்பா சுவரோடு ஒட்டி நடந்து வேலைக்குப் போய் வந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மத்தியானம் தெருவே கூடியது. தூக்கினோம். பத்தடி நட்சத்திரம் மூன்றடி வாசலில் போய் முட்டி நின்றது. சாய்த்தோம், திருப்பினோம், ஒரு முனையை மட்டும் முதலில் விட்டுப் பார்த்தோம். ம்ஹூம்.

பக்கத்து வீட்டு சூசை மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இன்னா தோஸ்து, நட்சத்திரத்த வூட்டுக்குள்ள பூட்டி வச்சிகினு கீறே?"

"ரெண்டு முனைய அறுத்துடலாம்பா," என்றேன்.

"அறுத்தா உன் விகிதம் பூடாதா?" என்றார் அப்பா. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனுஷன்.

"போய்டும்பா."

அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஏணிய எட்த்துகினு வா."

ஒரு வரிசை ஓடும் அதன் அடிச்சட்டங்களும் கழன்றன. வருஷக்கணக்காக அடுத்தவன் காட்டும் சைகையைப் பார்த்தே கிரேன் ஓட்டியவர், அன்றைக்குக் கூரை மேல் நின்று தானே சைகை காட்டினார். சூசை மாமாவும் இன்னும் நாலு பேரும் கயிறு இழுக்க, நட்சத்திரம் பக்கவாட்டில் நிமிர்ந்து மேல் வழியாக வீட்டைவிட்டு வெளியேறியது. சாயங்காலம் விளக்குப் போட்டபோது அடுத்த தெருக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று கொட்டித் தீர்த்தது மழை. கழற்றிய ஓட்டில் பாதி உடைந்திருந்தது. கடையெல்லாம் மூடியிருந்தது. கண்ணாடித் தாள் ஒட்டிய நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்தது நாங்கள்தான். அம்மா குடை பிடிக்க, பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே அப்பா ஓட்டை வழியாக மேலே பார்த்தார். "ஆனா நட்சத்திரம் ஷோக்கா கீதுடா," என்றார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு பீரோ வாங்கினாலும் சரி, கட்டில் வாங்கினாலும் சரி, அளக்கும் வேலையை மட்டும் எனக்குத் தரமாட்டார்கள். கடைசியில் படுக்கையில் விழுந்தபோதும் அப்பா விடவில்லை. "எம் பெட்டிக்கு மட்டும் நீ அளவு எட்த்துடாத நைனா. இந்த தபா ஓடு பிரிக்க நான் இருக்க மாட்டேன்."

அவர் போன அன்று, நான் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குத்தான் போனேன். குனிந்து வாசலை அளந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள்.