கேஸ்கட் மாமியும் யானைக் கம்பெனியும்

பங்குச் சந்தையைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் கரமனையில் எங்கள் தெருவில் இருந்த கேஸ்கட் மாமி. காலையில் எந்த வீட்டுக் குக்கராவது விசிலடிக்காமல் ‘புஸ்’ என்று ஆவி விட்டால் போதும், மாமியின் முகம் மலர்ந்துவிடும். முன்கையில் கறுப்பு ரப்பர் வளையங்களை வளையல் போல அடுக்கிக்கொண்டு, அடுத்த நிமிடம் அந்த வீட்டு அடுக்களையில் நிற்பாள்.

தொண்ணூறுகளில் ஊரெல்லாம் ஷேர் வாங்கியபோது, மாமி தன் இரட்டைவடச் சங்கிலியை விற்று, கோயம்புத்தூரில் குக்கர் கேஸ்கட் செய்யும் ஒரு குட்டிக் கம்பெனியின் பங்குகளை வாங்கினாள். வாங்கிய கையோடு விலை பாதியாகிவிட்டது. கம்பெனி படுத்தால் சங்கிலி போனதுதான். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பிரம்மச்சாரியான எனக்குத் தினமும் இலவசமாக ஒரு சண்டை கேட்கக் கிடைத்தது.

மின்சார ஆபீசில் இருந்த மாமாவின் பணமெல்லாம் ஒரு பெரிய சோப்புக் கம்பெனியில்.

“பெரிய கம்பெனின்னா யானையாக்கும். மெள்ளத்தான் நடக்கும், ஆனா விழாது.”

“விழாது, ஷெரி. நம்மளைத் திரும்பிப் பாக்குமோ? நீங்கோ ஒரு மாசம் குளிக்காட்டாலும் உங்க கம்பெனிக்கு ஒரு கொழப்பமும் இல்லை. நான் பத்து கேஸ்கட் வித்தா எங்க ஃபேக்டரியில மெஷின் ஓடும், கேட்டேளா!”

சாலைக் கடைத்தெருவில் அந்தக் கம்பெனி கேஸ்கட்டுகளை வாங்கி வந்து, லாபமே வைக்காமல் தெருவின் தலையில் கட்டினாள். மறுத்தவர்களுக்கு நவராத்திரியில் சுண்டல் கிடையாது. என்னையும் விடவில்லை.

“எங்கிட்ட குக்கரே இல்லையே மாமி!”

“கேஸ்கட்டை முதல்ல வாங்கி வெச்சுக்கோடா. குக்கர் கல்யாணத்துக்குத் தானா வரும்.”

ஒரு வருடம் ரயிலேறிப் பங்குதாரர் கூட்டத்துக்கே போய்விட்டாள். சாமானில் ஏதாவது குறையா என்று முதலாளி பணிவாகக் கேட்டாராம்.

“குறை இல்லாததுதான் குறை! இப்படி உழைச்சா எவ திரும்ப வாங்குவா? கொஞ்சம் சீக்கிரம் தேயட்டுமே!”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்து, தன் காரிலேயே ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார். “உங்க யானை கார் அனுப்புமோ?” என்று மாமாவை வெகுநாள் வதைத்தாள்.

பிறகு ஒரு நாள் பேப்பரில் செய்தி வந்தது. குட்டிக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி விழுங்கிவிட்டது. மாமியின் பங்குகளுக்குப் பதிலாகப் பெரிய கம்பெனியின் பங்குகள் கிடைக்கும். அவற்றை விற்றால் இரண்டு சங்கிலி வாங்கலாம். மாமா ஓடிப்போய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

மாமி அழுதாள். “இனிமே நான் வித்தா என்ன, விக்காட்டா என்ன? யாருக்குத் தெரியப்போறது?”

வளையங்கள் கதவு ஆணிக்குப் போயின. காலையில் குக்கர்கள் ‘புஸ்’ என்று ஆவி விட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. தெரு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எங்களுக்கோ தாங்க முடியவில்லை.

முதலில் எதிர்வீட்டு மாமிதான் வந்தாள். “கேஸ்கட் தேஞ்சு போயாச்சு, ஒண்ணு தாங்கோ.” பின்னாலேயே பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. எவர் வீட்டிலும் தேயவில்லை என்பது மாமிக்கும் தெரியும். கடைசியாக நான் போய் நின்றேன்.

“குக்கரே இல்லாதவன் ஒண்ணு ஏற்கெனவே வாங்கியாச்சேடா!”

“கல்யாணத்துக்கு ரெண்டு குக்கர் வந்துட்டா என்ன மாமி பண்றது?”

மாமி சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆணியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு குக்கர்தான் வந்தது. இப்போதும் அது ‘புஸ்’ என்று ஆவி விட்டால், அடுப்பை அணைக்கும் முன் நான் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.