குளிப்பாட்ட ஓர் ஆள்

விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் நோரீனின் அம்மா பலகைத் தரையைப் பிரஷால் தேய்ப்பாள். சரக், சரக் என்ற அந்தச் சத்தம் கிழவியான பிறகும் நோரீனின் காதை விட்டுப் போகவில்லை. ஆகவே, முதியோருக்கான அரசு வீட்டுப் பராமரிப்புச் சேவையில் அவளைச் சேர்க்கலாமா என்று ஆராய டப்போ நகரிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும், வலது கை நெஞ்சுக்கு மேல் எழாத நோரீன் இடது கையால் வீடு முழுவதையும் தேய்த்தாள். பார்க்க அசிங்கமாக இருக்குமென்று தான் பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கரைக் கொட்டகையில் ஒளித்தாள். ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: குளிப்பாட்ட ஓர் ஆள்.

அதிகாரி கர்ஸ்டன் ஸ்கோனில் ஜாம் தடவியபடி கேட்டாள்: "எப்படி இருக்கீங்க, நோரீன்?"

"குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. என்னைவிட மோசமா எத்தனையோ பேர் இருக்காங்க."

சில நாளில் பதில் வந்தது: "மேற்படி மூதாட்டி சமையலிலும் துப்புரவிலும் தன்னிறைவு பெற்றவர். குறை ஏதுமில்லை என அன்னாரே தெரிவித்துள்ளார்."

பக்கத்து வீட்டு மேவிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவளுக்கு ஸ்கோன் வேற சுட்டுக் குடுத்தியாடி? மறுபடி மனுப் போடு. இந்தத் தடவை பாத்திரம் கழுவாத. துணியெல்லாம் தரையில கிடக்கட்டும். கொஞ்சம் முனகு."

"முனகவா? வெட்கமா இருக்காது?"

"குளிக்காம இருக்கிறது மட்டும் கௌரவமாக்கும்."

மறுவிசாரணைக்கு வந்த கர்ஸ்டன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இந்த வீட்டுக்குள்ள எங்க ஊழியரை அனுப்ப முடியாது. தடுக்கி விழுந்தா?"

"நான் தடுக்கி விழுந்தா?"

"நீங்க எங்க ஊழியர் இல்லையே. முதல்ல வீட்டைச் சுத்தம் பண்ணுங்க, நோரீன்."

"போன தடவை சுத்தமாத்தானே இருந்தது?"

"அதனாலதான் அப்போ உங்களுக்கு உதவி தேவைப்படல."

அதன்பின் மேவிஸே வந்து நோரீனைக் குளிப்பாட்டினாள். மேவிஸுக்கு எண்பத்தாறு வயது, இதயமும் சரியில்லை. அவளும் சேவைக்கு மனுப் போட்டாள். கர்ஸ்டன் வருவதற்கு முன்னால் பாத்திரத்தைக் கழுவவில்லை, துணியை மடிக்கவில்லை, நன்றாகவே முனகினாள். ஆனால் பேச்சுவாக்கில் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள்: "நோரீனைக் குளிப்பாட்டுறதே நான்தானே."

"பிறரைப் பராமரிக்கும் வல்லமை வாய்க்கப்பெற்றவருக்குப் பராமரிப்புத் தேவையில்லை" என்று உத்தரவாயிற்று. நோரீனுக்கும் தகுந்த பராமரிப்பாளர் ஏற்கெனவே அமைந்துவிட்டபடியால் அவளுடைய மனுவும் இனிதே முடித்துவைக்கப்பட்டது.

ஆகஸ்டில் மேவிஸ் இறந்துபோனாள். நோரீன் ஈரத்துணியால், கை எட்டும் இடம்வரை, துடைத்துக்கொள்கிறாள்.