எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல்

இந்த வருஷம் குற்றாலச் சீசனுக்குப் போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். என் முடிவை யாரும் மாற்ற முடியாது. முக்கியமாக என் மனைவி ஆவுடைத்தாய்.

காரணம் எஞ்சின். டீசல் எஞ்சின். பாவூர்சத்திரத்தில் எங்கள் கத்தரித் தோட்டத்துக் கிணற்றில் பூட்டியிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் வேறு எவனிடமும் கிடையாது.

“இங்கேருங்க, சாரல் விழ ஆரம்பிச்சாச்சாம். தென்காசித் தங்கச்சி சொல்லிவிட்டிருக்கா.”

“விழட்டும்.”

“போவோமா?”

“எஞ்சினை யாரு பாப்பா? உன் தங்கச்சியா?”

“அது என்ன, பால்குடி பிள்ளையா?”

“ஏட்டி, எஞ்சினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கொட்டகைக்குள்ள கால் வைக்காதே. அதை ஓட்டவும் நிறுத்தவும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.”

தோட்டத்து வீட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நல்ல வெயில். எஞ்சின் கொதித்தது. மனுஷனுக்கு உடம்பு சூடானால் என்ன செய்கிறோம்? உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து அருவியில் போய் நிற்கிறோம். எஞ்சினை அருவிக்குத் தூக்க முடியாது. எண்ணெயாவது தாராளமாகக் கிடைக்கட்டும். மசகெண்ணெய் டின்னை அப்படியே கவிழ்த்தேன். ‘இந்தக் கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள்’ என்று எஞ்சினைப் பூட்டிய பிட்டர் சொல்லியிருந்தான். தூத்துக்குடிக்காரன். எண்ணெய்க் குளியலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

ஓட்டினேன். டப்… டப்… டப். நல்ல பிள்ளை. பிறகு டபடபடப. பிறகு எழுத்தில் அடங்காத ஒரு சத்தம். ஒரே கரும்புகை. கொட்டகை ஆடியது. கூரை ஓலை பறந்தது.

டீசல் குழாயைத் திருகி அடைத்தேன். நிற்கவில்லை. முன்னைவிட வேகம். ஊற்றின மசகெண்ணெயையே குடித்துக்கொண்டு ஓடுகிறது, சனியன்! “நில்லு!” என்றேன். “நில்லுலே!” என்றேன். கேட்கவில்லை. என் பேச்சை எது கேட்டிருக்கிறது?

பக்கத்துத் தோட்டத்து மசூது அலறினான். “அண்ணாச்சி, சக்கரம் கழண்டு தெறிக்கப் போவுது! ஓடியாங்க!”

நான் ஓடவில்லை. ஆலோசிப்பதற்காகத் தள்ளிப் போனேன். மசூதைவிடக் கொஞ்சம் வேகமாக. வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆலோசித்தேன்.

திடீரென்று சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து ஆவுடைத்தாய் வருகிறாள். முகமெல்லாம் கரி. கையில் அடுப்படி மணைப்பலகை.

“எஞ்சினை அடிச்சியாட்டி?”

“அதை எதுக்கு அடிக்கணும்? அடிக்க வேண்டிய ஆளு வேற.”

“பின்னே எப்படி நிறுத்தினே?”

“நிறுத்தத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானே. என்கிட்ட கேக்குதீங்க?”

கூடுதல் எண்ணெயை வடித்துவிட்டேன். ஆனாலும் ஓட்டக் கை வரவில்லை. மறுபடி வெறி பிடித்தால்? கத்தரி பூத்து நிற்கிறது. தண்ணீர் இல்லாமல் பூ உதிர ஆரம்பித்தது. போனால் முழு வெள்ளாமையும் போகும். பிட்டருக்கு ஆள் விட்டேன். ஆடி கழிந்துதான் வருவானாம்.

“சொல்லித் தொலையேன்.”

“குத்தாலத்துல வச்சுச் சொல்லுதேன்.”

மறுநாளே வண்டி கட்டினேன். தென்காசியில் மைத்துனி ஏறினாள். அவள் பிள்ளைகள் ஏறினார்கள். அவள் மாமியாரும் ஏறினாள். எனக்கு இடமில்லை. மாட்டோடு சேர்ந்து நானும் நடந்தேன்.

அருவியில் ஆடித் தீர்த்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

“இப்பவாவது சொல்லுட்டி.”

“பெரிசா ஒண்ணுமில்ல. காத்தை இழுக்குத குழாய் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுது. துணியை வச்சா உள்ளே இழுத்துரும்னு பலகையை வச்சு அமுக்கிப் பொத்தினேன். மூச்சு முட்டுச்சு. அடங்கிப்போச்சு.”

அசந்துவிட்டேன்.

“இந்த வித்தையை உனக்கு யாருட்டி சொல்லிக் குடுத்தா?”

மைத்துனி குடும்பமே திரும்பிப் பார்க்க, சத்தமாகவே சொன்னாள்.

“யாரு சொல்லிக் குடுக்கணும்? கல்யாணமான நாள்லேருந்து உங்க குறட்டையை மூக்கைப் பொத்தித்தானே நிறுத்துதேன்!”