வரமாட்டேன் அண்ணன்

தாம்பாளத்தில் வைத்து நீட்டிய கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, நீட்டியவர் முகத்துக்கு நேராகவே "வரமாட்டேன்" என்று சொல்லும் ஒரே மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் எங்கள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில்தான் இருக்கிறார். கம்பெனியில் ஃபிட்டர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு வரமாட்டேன் அண்ணன்.

"குடும்பத்தோட வந்துடணுங்க" என்பார் பெண்ணைப் பெற்றவர்.

"வரமாட்டேங்க. அன்னிக்கு ராகி அறுப்பு."

"ஒரு பேச்சுக்காவது வரேன்னு சொல்லக்கூடாதாப்பா?"

"சொன்னா எனக்கும் சேர்த்து அரிசி போடுவீங்களே!"

குங்குமச் சிமிழை மறந்து வைத்துவிட்டு ஓடியவர்கள் உண்டு.

வருகிறேன் என்று சொல்லிவிட்டாலோ இன்னும் ஆபத்து. ஐந்து பேர் என்றால் ஐந்து பேரோடு வந்து நிற்பார். அப்போது நான் ஓசூரில் வந்து இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. வேலை இல்லை, முந்தின நாள் தின்ற பன்னோடு சரி. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, பெரியவனுக்குக் காய்ச்சல். அஞ்சு பேருன்னு சொல்லிட்டேன். நீ வா." அப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தில் மூன்று முறை சோறு வாங்கித் தின்றேன். அடுத்த வாரம் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர் லட்சுமி அக்கா. மகளுக்குக் கல்யாணம். அக்கா காதலித்துக் கட்டிக்கொண்டு நாட்றாம்பாளையத்திலிருந்து வந்தவர். சொந்தம் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. "பொண்ணு வீட்டுப் பக்கம் பந்தியில உக்கார ஆள் இருக்குமா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டுச் சிரித்திருக்கிறாள். அக்கா எங்கள் அசெம்பிளி லைனில் அத்தனை பேருக்கும் பத்திரிகை வைத்தார். நாற்பது பேர் "கண்டிப்பா வரோங்க்கா" என்றோம். அண்ணன் மட்டும், "வரமாட்டேம்மா. வரவேற்பு சாயங்காலம், எனக்கு பி ஷிஃப்ட்" என்றார்.

பிறகு ஷிஃப்ட் சார்ட்டைப் பார்த்தார். அந்த நாற்பது பேருக்கும் அதே பி ஷிஃப்ட்!

சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு மேல் ஏறிவிட்டார். "டேய், மத்தியானம் ரெண்டுலருந்து ராத்திரி பத்து வரைக்கும் டூட்டி. எப்படிடா போவீங்க?"

"சும்மா மரியாதைக்குச் சொன்னதுண்ணே."

"மரியாதையா? அந்தம்மா நாப்பது எலையப் போட்டுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கும். வரலைன்னா வாயத் தொறந்து அதுகிட்டச் சொல்லுங்க. சொல்ல வாய் வரலையா, போய்ச் சேருங்க!"

அக்காவிடம் போய்ச் சொல்ல ஒருத்தனும் கிளம்பவில்லை.

அண்ணன் ஒரு வாரம் பக்கத்து லைன்காரர்கள் ஒவ்வொருவரின் மோவாயையும் பிடித்துக் கெஞ்சி எங்களுக்கு ஷிஃப்ட் மாற்றினார். சூப்பர்வைசர், "லைன் யாரு ஓடிஸ்தாரப்பா?" என்று, லைனை யார் ஓட்டுவது என்று கேட்டு, கன்னடத்தில் குதித்தார். மாறி வந்த அந்தப் புது ஆட்களை வைத்துத் தானே நின்று ஓட்டுவதாக அண்ணன் ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்.

மண்டப வாசலில் நாற்பது பேரும் ஒன்றாகப் போய் இறங்கினோம். முதல் பந்தி முழுக்க நாங்கள். மாப்பிள்ளையின் அத்தைக்கு உட்கார இடமில்லை.

"இப்ப எங்க ஆளுங்க சாப்பிடறாங்க. நீங்க ரெண்டாவது பந்திக்கு உக்காருங்க சம்பந்தியம்மா!" என்றார் லட்சுமி அக்கா. அந்தக் குரல் பெங்களூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கையோடு ஒரு கேரியரை நிரப்பி என்னிடம் கொடுத்தார். எட்டு மணி இடைவேளையில் கம்பெனி கேட்டில் அதை நீட்டினேன்.

"நான்தான் வரமாட்டேன்னு சொன்னேனேடா!"

"நீங்க சொன்னீங்கண்ணே. சாப்பாடு அப்படிச் சொல்லலையாம். அக்கா சொல்லச் சொன்னாங்க."

"எத்தனை பேரு போனீங்க?"

"நாப்பதும்."

அண்ணன் ஜாங்கிரியைப் பிட்டு முதலில் என் வாயில் வைத்தார்.

எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்காதவன் நான். ஓசூரில் ஏழு வருஷமாக இருக்கிறேன். கேட்பவர்களிடம் வேலைக்காகத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.