லேப்டாப்புக்குக் காய்ச்சல் பார்த்த பாய்லர் அக்கா

ஜொகூர் மாநிலத்திலேயே மடிக்கணினிக்குக் காய்ச்சல் பார்த்த முதல் ஆள் எங்கள் பாய்லர் அக்காதான். இரண்டாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறப்பதுதான் அந்த ஆளுக்கு நல்லது.

நான் அப்போது பாசிர் கூடாங்கில், கப்பல் சரக்குக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஆறு மேசை, ஆறு மடிக்கணினி, ஓர் ஏர்கோன். அந்த ஏர்கோன் மேனேஜர் குணா சாரின் அறையை மட்டும்தான் தன் உறவாக நினைத்தது. எங்களுக்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் சூடும் வாடையும்தான்.

அக்காவின் சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. சாஆ பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பதினொரு வருடம் பாய்லர் அறையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்க்க வேண்டும், பார்த்ததைத் தாளில் எழுத வேண்டும், முள் சிவப்புக்குப் போனால் கத்த வேண்டும். ஆலையில் அவருக்கு அதுதான் வேலை. ஆலையை விட்டுவிட்டார். அந்தப் பழக்கங்களை விடவில்லை. முக்கியமாகக் கத்துவதை.

முதல் நாள் தனக்குக் கொடுத்த மடிக்கணினியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு மீட்டர் எங்க?"

"எந்த மீட்டர்க்கா?"

"சூட்டு மீட்டர். தொட்டுப் பாரு, சுடுது. சுடற சாமான மீட்டர் இல்லாமலா செஞ்சிருப்பான்?"

"இது பாய்லர் இல்லக்கா, லேப்டாப்."

"வெடிக்கிறவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மறுநாள் மதியத்துக்குள் அக்கா மீட்டரைக் கண்டுபிடித்துவிட்டார். மடிக்கணினியின் மூளையான பிராசசருக்குள்ளேயே சூட்டை அளக்கும் ஏற்பாடு இருக்கிறதாம். ஓர் இலவச மென்பொருளைப் போட்டால், அந்த எண் திரையின் மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருக்கும் விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் சொல்லும். அக்கா தன்னுடையதில் போட்டார். பிறகு யாரையும் கேட்காமல் ஆறிலும் போட்டார்.

ஓர் அட்டையில் தாளைச் செருகி, கோடு போட்டு, நேரம், சூடு, விசிறி, குறிப்பு என்று தலைப்பு எழுதினார். அன்றிலிருந்து மணி அடித்தாற்போல் மேசை மேசையாக ரோந்து. டாக்டர் வார்டைச் சுற்றுவதுபோல வருவார். மூலையைப் பார்ப்பார், காதைச் சாய்த்து விசிறியைக் கேட்பார், எழுதுவார், போவார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். 'பத்து மணி. சூடு 52. விசிறி 2400. நலம்' என்று இருந்தது. அடுத்த வரி: 'பதினொரு மணி. சூடு 78. விசிறி 4100. மச்சினி கல்யாண வீடியோ.'

அந்த இரண்டாவது வரி என்னுடையது. நான் அதிர்ந்துபோனேன்.

"அக்கா, நான் வீடியோ பாத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லெட்டர் டைப் பண்ணா ஃபேன் ரெண்டாயிரத்தைந்நூறு தாண்டாது தம்பி. உன்னுது நாலாயிரத்துல அலறுச்சு. திரும்பிப் பாத்தா, ஸ்கிரீன்ல மேளக்காரர் தெரியறாரு."

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் நிம்மதியாகப் படம் பார்க்கவில்லை. சட்டங்கள் வேறு வந்தன. மடிக்கணினியைக் கோப்பின்மேல் வைக்கக் கூடாது. அடியில் நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்துத் தூக்கி வைக்க வேண்டும். காற்று போகும் ஓட்டைக்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. லோரி ஓட்டும் காசிம் பாய் மட்டும் தினமும் காலையில் தன் கரிப்பாப் பலகாரப் பொட்டலத்தை அக்காவின் மடிக்கணினிக்குப் பின்னால் வைத்துச் சூடு பண்ணுவார்.

"பாய்! ஒங்க மூக்குல நான் கரிப்பாப்ப வச்சி அடச்சா நீங்க மூச்சு விடுவீங்களா?"

"அலமாக்! காத்து சும்மாதான போவுது, வேஸ்டு பண்ணாம இருக்கலாம்னு பாத்தேன் லா."

"சும்மா போவல பாய். சூட்டத் தூக்கிட்டுப் போவுது. நீங்க வழிய மறிக்கிறீங்க."

இதெல்லாம் சின்ன விஷயம். குணா சாரின் விஷயம்தான் பெரிது. அவருக்கு முதுகு வலி. சோபாவில் மெத்தை போட்டு, மெத்தைமேல் மடிக்கணினியை வைத்துத்தான் சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்தோடு கூட்டம் நடத்துவார். ஒரு நாள் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா கதவைத் திறந்து உள்ளே போனார்.

"சார், தொண்ணூத்தி நாலு!"

"என்ன தொண்ணூத்தி நாலு? மீட்டிங்ல இருக்கேன்..."

"அடியில மெத்தை, எங்கிருந்து காத்து இழுக்கும்? ஒதுங்குங்க."

மடிக்கணினியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். சிங்கப்பூரில் இருந்த ஒன்பது பேருக்கு முதலில் எங்கள் கூரை தெரிந்தது. பிறகு அக்காவின் முகம் மிக அருகில் தெரிந்தது. "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, மேசையில் வைத்து, எண் எண்பதுக்கு இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அன்றிலிருந்து குணா சாருக்கு அக்காவின் அட்டையைக் கண்டாலே ஆகாது.

எனக்கும் ஆகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். திரையின் மூலையில் அந்த எண் இருப்பது, யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருக்கும். அதன்மேல் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி மறைத்தேன். அக்கா மணிக்கு ஒருமுறை வந்து, சீட்டைத் தூக்கிப் பார்த்து, எழுதிக்கொண்டு, பழையபடி ஒட்டிவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் என் தலையில் இடி விழுந்தது.

புதிதாக ஒப்பந்தம் எடுத்த ஒரு சர்வீஸ் கடை, எல்லா மடிக்கணினிகளையும் வாங்கிப் போய், பழைய விசிறிகளை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. அடுத்த வாரமே என்னுடையது ஆமையாக மாறியது. பெரிய கோப்பு எதைத் திறந்தாலும் தவழும். கொஞ்ச நேரத்தில் பட்டென்று இருண்டுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, கப்பலுக்குக் காகிதம் அனுப்ப வேண்டிய கடைசி மணி நேரத்தில் மூன்று முறை அணைந்தது. கப்பல் போய்விட்டது. எங்கள் வாடிக்கையாளரின் இரண்டு கொள்கலன்கள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன.

சர்வீஸ் கடைக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் ஓர் அறிக்கையோடு திரும்பி வந்தது: 'இயந்திரத்தில் குறையில்லை. பயன்படுத்துபவர் பவர் பட்டனைத் தவறாக அழுத்துகிறார்.'

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. புதன்கிழமை விசாரணை. பெர்மாஸ் ஜெயா வீட்டில் என் மனைவியிடம், "புதன்கிழமை ஒரு மீட்டிங், நல்ல சட்டை ஒண்ணு அயன் பண்ணி வை" என்று மட்டும் சொன்னேன். அவள் ப்ரோமோஷன் என்று நினைத்துக்கொண்டு பாயசமே வைத்துவிட்டாள். அந்தப் பாயசத்தை எப்படிக் குடித்து முடித்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா குணா சாரிடம் போய், "சார், தம்பி மேல தப்பு இல்ல. மிசினுக்குள்ள என்னமோ இருக்கு. தொறந்து பாக்கணும்" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, கிழிச்சா வாரண்டி போயிடும். நீங்க ஒங்க வேலயப் பாருங்க" என்று இரண்டு முறையும் அவர் துரத்திவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணி. சிங்கப்பூரிலிருந்து வந்த மேடம் ஒரு தமிழ்ப் பெண்மணி. சிரிப்பைச் சுங்கச் சாவடியிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். பக்கத்தில் டை கட்டிய சர்வீஸ்காரர். அவர் என் மடிக்கணினியைத் திறந்து, ஒரு வெற்றுத் தாளில் நான்கு வரி தட்டினார்.

"பாருங்க மேடம். நல்லாத்தான் ஓடுது. ஃபேன் புதுசு. ஆளுக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் பவர் பட்டனைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. மூன்று தடித்த கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு பாய்லர் அக்கா வந்தார். குணா சார் பாதி எழுந்தார். "இப்ப வேணாம்..."

"இப்பத்தான் சார் வேணும்." கோப்பை மேடத்தின் முன்னால் விரித்தார். "மேடம், இது தம்பியோட மிசின். சர்வீஸுக்கு முந்தி பெரிய ஃபைல் தொறந்தா எழுவது டிகிரி. ஃபேன் மூவாயிரம். சர்வீஸ் முடிஞ்சி வந்த நாள்லேருந்து அதே ஃபைல், அதே வேல, தொண்ணூத்தாறு. ஃபேன் அஞ்சாயிரம். மணிக்கு மணி எழுதியிருக்கேன். நீங்களே பாருங்க."

மேடம் பார்த்தார். வெறுமனே புரட்டவில்லை, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"பதினோரு வருஷம் மில்லுல எழுதினேன் மேடம். ஒருத்தர்கூட இப்படி எடுத்துப் படிச்சதில்ல" என்றார் அக்கா, கொஞ்சம் தணிந்த குரலில்.

சர்வீஸ்காரர் சிரித்தார். "ஃபேன் அஞ்சாயிரம் ஓடுதுன்னா நல்லா வேல செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

அக்கா என் மடிக்கணினியை இழுத்து, அந்த வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாமல் போன அதே பெரிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மஞ்சள் சீட்டை உரித்துத் தூர எறிந்தார். எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றாறு. விசிறி விமானம் கிளம்புவதுபோல அலறியது.

"மேடம், காத்து வர்ற எடத்துல கைய வைங்க."

மேடம் கையை வைத்தார். புருவம் உயர்ந்தது. "சூடே இல்லையே. சாதாரணக் காத்துதான் வருது."

"அதான்! பாய்லர்ல அடியில நெருப்பு கொழுந்துவிட்டு எரியும், தண்ணி மட்டும் கொதிக்காது. ஏன்? குழாயில உப்பு படிஞ்சிருக்கும். சூடு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தாண்டாது. இங்கயும் அதேதான். உள்ள தொண்ணூத்தாறு, வெளிய வர்ற காத்து சில்லுனு இருக்கு. ஃபேன் பாவம், அது உசுரக் குடுத்து ஓடுது. சூடு அதுகிட்ட வந்து சேரல. நடுவுல ஏதோ ஒண்ணு மறிச்சிக்கிட்டு நிக்குது."

சொல்லி முடிக்கவும் திரை பட்டென்று இருண்டது. பவர் பட்டன் பக்கம் ஒரு விரலும் போகவில்லை. என் இரண்டு கையும் மேசைமேல் இருந்தன. நானே ஒருமுறை குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"திறங்க," என்றார் மேடம்.

"மேடம், வாரண்டி ஸ்டிக்கர்..." என்றார் சர்வீஸ்காரர்.

"ஒட்டினது நீங்கதானே? நீங்களே கிழிங்க."

அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கை வழுக்கி ஒரு திருகு கீழே விழுந்தது. அது உருண்டு போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடிப்பலகை வந்தது. விசிறியோடு சேர்ந்த செப்புத் தகடு வந்தது. பிராசசரின் சூட்டை வாங்கி விசிறியிடம் கொடுக்க வேண்டிய தகடு அது. அக்கா குனிந்து, இரண்டு நகத்தால் எதையோ பிடித்து, மெதுவாக உரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

தபால்தலை அளவுக்குக் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள். புதுத் தகட்டின்மேல் அழுக்குப் படாமல் இருக்கக் தொழிற்சாலையிலிருந்தே ஒட்டி வருவது. அதன்மேல், 'பொருத்துமுன் உரிக்கவும்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

மேடம் அதை வாங்கி உரக்கப் படித்தார். பிறகு சர்வீஸ்காரரிடம் நீட்டி, "நீங்களும் படிங்க" என்றார்.

அவர் படித்தார். டையைத் தளர்த்தினார்.

சர்வீஸ்காரர் சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, மூடித் திருகியபோது, கதவருகில் மொத்த அலுவலகமும் நின்றது. காசிம் பாய் லோரியை வாசலில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அக்கா அதே கோப்புகளைத் திறந்தார். ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டு. அறுபத்தெட்டு. அதற்கு மேல் ஏறவில்லை. விசிறியின் அலறல் குறைந்து, குறைந்து, ஒரு முணுமுணுப்பாக அடங்கியது. இப்போது காற்று வெதுவெதுப்பாக வெளியே வந்தது. மேடம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

காசிம் பாய்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும். குணா சாரும் தட்டினார். கொஞ்சம் தாமதமாக, ஆனால் பலமாக. நான் தட்டவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறையும் திறந்ததில் இன்னும் இரண்டில் அதே தாள் இருந்தது. ஒப்பந்தம் அன்றே முறிந்தது. மூன்று வாரம் வரை காத்திருக்காமல் அந்த வெள்ளிக்கிழமையே என் வேலை நிரந்தரமானது. வீட்டில் மறுபடியும் பாயசம். இந்த முறை மூன்று கிண்ணம் குடித்தேன்.

அத்தோடு முடியவில்லை. தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் அக்காவின் தாளை அச்சடித்து அனுப்பியது. கிளைக்காரர்களுக்கு ஆன்லைனில் விளக்கம் சொல்லவும் அவரைக் கூப்பிட்டார்கள். திரையில் ஐம்பது முகங்கள். குணா சாரே அக்காவின் மடிக்கணினிக்கு அடியில் பாட்டில் மூடிகளைச் சரி செய்து வைத்தார். அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டாவது வரிசையில நீலச் சட்டை போட்டவரு. ஆமா, ஒங்களத்தான். ஒங்க ஃபேன் சத்தம் இங்க கேக்குது. மொதல்ல மடியிலேருந்து எறக்கி மேசையில வைங்க, அப்புறம் பேசலாம்."

நீலச் சட்டைக்காரர் பினாங்குக் கிளையின் மேனேஜர். இறக்கி வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து அக்கா சாஆவுக்கே திரும்பிவிட்டார். தங்கையோடு சேர்ந்து கடைத்தெருவில் ஒரு தோசைக் கடை. போன மாதம் சிகாமாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். கல்யாணச் சாப்பாடு காத்திருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் நான்கு தோசை சுட்டுப் போட்டுவிட்டுத்தான் விட்டார். "எளச்சிட்ட தம்பி, ஒழுங்கா சாப்புடு" என்று என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கிளம்பும்போது சாலையோரம்வரை வந்து நின்றார். கையாட்டவில்லை, கரண்டியைப் பிடித்தபடி சும்மா நின்றார். கண்ணாடியில் அவர் தெரிந்துகொண்டே இருந்ததால், சாலை முனையில் திரும்பும்வரை நான் காரை மெதுவாகத்தான் ஓட்டினேன்.