படத்தில் ஓர் ஆள் கூடுதல்

கேமரா பசை வாளிக்குள் முங்கியதற்கு ஜெயசுந்தர் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மலையேற வாங்கிய புது ஷூவைப் பழக்குவதற்காக அச்சகத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தவன் அவன். காலண்டர் அட்டையில் தேதிக் கட்டு ஒட்டும் இடத்தில் நின்று ஷூக் கயிற்றைக் கட்டக் குனிந்தவனும் அவன்தான். கழுத்தில் ஒரு செங்கல் கனத்துக்குத் தொங்கிய கேமரா அவனுக்கு முன்னால் குனிந்து மைதாப் பசைக்குள் மெதுவாக இறங்கியது.

"ஏலே, அதை அப்படியே ஒரு அட்டையில ஒட்டிரு. அடுத்த வருசத்துக்கு ஆவும்" என்றான் பக்கத்து மேஜை அன்பரசன்.

ஜெயசுந்தர் சிவகாசியில் அந்தக் காலண்டர் கம்பெனியின் டிசைனர். அவன் வாழ்க்கையில் ஏறிய உயரமான இடம் கம்பெனியின் மூன்றாவது மாடி. அதுவும் தாள் ஏற்றும் லிப்ட் பழுதான அன்று, பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியது. அப்படிப்பட்டவன் கொடைக்கானல் பக்கம் மலையேறும் குழு ஒன்றில் பெயர் கொடுத்திருந்தான் என்றால், அதற்குச் சாத்தூர் ரீனாதான் காரணம்.

ரீனா ஆஸ்பத்திரியில் நர்ஸ். சம்பந்தம் பேசியபோது இரண்டு வீட்டிலும் ஒரே ஒரு தடவை போனில் பேச அனுமதித்தார்கள். "லீவு நாள்ல என்ன செய்வீங்க?" என்று அவள் கேட்டாள். தூங்குவேன் என்று சொல்லியிருக்கலாம். "லீவுன்னா மலைதான். கேமராவைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவேன்" என்று சொல்லிவிட்டான்.

"அப்படியா? எடுத்த படத்தை அனுப்புங்களேன்."

"ஹார்டு டிஸ்க்ல கெடக்கு. தேடி அனுப்புதேன்."

ஹார்டு டிஸ்க்கில் மலை இல்லாமல் இல்லை. இமயமலையே இருந்தது. அதில் சிவபெருமானை ஒட்டியதும் அவன்தான்.

பேச்சின் நடுவே ரீனா ஒரு கொட்டாவி விட்டாள். உடனே, "உங்க பேச்சுக்கு இல்லங்க, நைட் டூட்டி" என்றாள். அந்தக் கொட்டாவியையும் அதற்குப் பிறகு வந்த சமாதானத்தையும் அவன் அன்றிலிருந்து மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். தன்னிடம் இத்தனை மரியாதையாகக் கொட்டாவி விட்ட பெண் வேறு யாருமில்லை.

பெண் வீட்டில் இருந்து பதில் மட்டும் வரவில்லை. அம்மா விசாரித்தபோதெல்லாம், "சொல்லியனுப்புறோம்" என்றார்கள். இதற்கு முன்னால் அவனுக்குச் சொல்லியனுப்புகிறோம் என்ற சில பெண்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. இந்தத் தடவையாவது மலையில் நின்று ஒரு நல்ல படம் எடுத்து அனுப்பிவிட்டால் பதில் வந்துவிடும் என்று அவன் நம்பினான்.

விருதுநகர் பஜாரில் செய்யது அபுதாஹிர் கேமரா விற்பார், பழுது பார்ப்பார், பழசையும் எடுத்துக்கொள்வார். பசை காய்ந்த கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுல இனிமே வடைதான் சுடலாம்" என்று ஓரமாக வைத்தார்.

"கனமே இருக்கக் கூடாது பாய். மலைக்குக் கொண்டு போவணும்."

"அப்ப மொதல்ல நீங்கல்லா கொறையணும் தம்பி. கேமரா அதுக்கு அப்புறம்."

சிரித்துக்கொண்டே அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கொய்யாப்பழக் கனம்கூட இல்லை.

"யாரு வச்சிருந்தது?"

"ஒரு இன்சூரன்ஸ்காரரு. பட்டாசு ஷெட்டுல விபத்துன்னா போயிப் படம் எடுப்பாரு. ரிட்டயர் ஆயி, வேண்டாம்னு குடுத்துட்டுப் போயிட்டாரு."

அந்தப் பக்கத்து ஊர்களில் இந்தப் பேச்சு வந்தால் எந்தக் கடையிலும் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கிப்போகும். இங்கேயும் அடங்கியது.

"நல்லாத்தான பாய் இருக்கும்?"

"படம் நல்லா இருக்கும்" என்றார் பாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஷூவையும் கேமராவையும் சேர்த்துப் பழக்க, ஜெயசுந்தர் நாரணாபுரம் சாலையில் நடந்தான். பட்டாசு ஷெட்டுகள் ஒன்றோடு ஒன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போலத் தள்ளித் தள்ளி நின்றன. விடுமுறை. ஒரு மனிதச் சத்தம் இல்லை. காற்றில் வெடிமருந்தின் வாடை லேசாக வந்தது, போனது. வேப்ப மரம், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எழுதிய சுவர், ஒற்றையடிப் பாதை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தான்.

மறுநாள் கம்பெனிக் கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கியபோது வேப்ப மரத்தடியில் ஒரு பெண் நின்றாள்.

வெள்ளைச் சேலை. கறுப்புக் குடை. வயதான முகம், நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே முள்செடி மறைத்திருந்ததால் கால் இருந்ததா என்று தெரியவில்லை. அந்த மரத்தடியில் யாருமே இல்லை என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அடுத்த படத்தைப் பார்த்தான். சுவரின் ஓரத்தில் பாதிக் குடை தெரிந்தது. அதற்கும் அடுத்த படத்தில், பாதையின் கடைசியில், வெள்ளையாக.

"அன்பு, இங்கன பாரு. இந்த அம்மா யாருலே?"

அன்பரசன் குனிந்து பார்த்தான். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

"எந்த அம்மா?"

"இந்தா நிக்காகல்லா, வெள்ளைச் சேலை."

"அங்கன வேப்ப மரம்தான நிக்கி. கண்ணை டாக்டர்ட்டக் காட்டு" என்று சொல்லிவிட்டு, இவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனான். அவன் பாட்டில் மேஜை மேலேயே நிறைந்து இருந்தது.

ஜெயசுந்தர் படத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தான். அவள் போகவில்லை. ஆனாலும் அவன் தொழில்காரன். ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மூத்த சம்சாரத்தைக் குடும்பப் படத்தில் இருந்து அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டு அங்கே குத்துவிளக்கை வைத்தவன். வெள்ளைச் சேலையை மூன்று படத்திலும் சுத்தமாக அழித்தான். மனசு லேசானது. அந்தச் சந்தோஷத்தில் வெளியே வந்து கம்பெனி வாசலில் இருந்த காசிராஜனின் டீக்கடையை ஒரு படம் எடுத்தான். உடனே திரையில் பார்த்தான்.

பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நிமிர்ந்தான். பெஞ்சு காலி.

"அண்ணாச்சி, இப்பம் இந்த பெஞ்சுல யாரு இருந்தா?"

காசிராஜன் ஆற்றிக்கொண்டிருந்த டீ அவர் விரலிலேயே கொட்டியது. கேமராத் திரையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "யாரும் இல்லையே. பெஞ்சு சும்மாத்தான் கெடக்கு" என்றார்.

பெஞ்சின் மேல் ஒரு கிளாஸ் இருந்தது. பாதி குடித்த டீ. இன்னும் சூடு பறந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் விருதுநகர் போனான்.

"பாய், இதை எடுத்துக்கிட்டு வேற குடுங்க. யாரும் வச்சிருக்காத கேமராவாக் குடுங்க. பெட்டி பிரிக்காதது."

"கனம்?"

"ஏற்கெனவே மனசுல இருக்கதே போதும் பாய்."

பாய் புதுசு ஒன்றைப் பிரித்தார். கைக்குள் அடங்கும். ஆனால் ஜூம் பெரிசு. "ஊட்டியில நின்னுக்கிட்டுக் கோயம்புத்தூர்ல எவன் மீசைக்குச் சாயம் போடுதான்னு பாக்கலாம்" என்றார்.

வீட்டு மொட்டை மாடியில் ஏறி, தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியை இழுத்து எடுத்தான். தொட்டி வந்தது. தொட்டியோடு அவளும் வந்தாள். முன்பு எறும்பளவு இருந்தவள் இப்போது ஜூமின் புண்ணியத்தில் படம் முழுக்க இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மூக்கோரம் ஒரு மரு. வாய் லேசாகத் திறந்து, யாரிடமோ எதையோ கேட்பதைப் போல இருந்தது. யாரிடம் என்பது படத்துக்கு வெளியே போயிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இது கேமராவில் இருப்பது அல்ல. தன்னோடு இருப்பது.

எந்த ஷெட்டில், எந்தத் தீயில் போனவளோ. பாவம், வீட்டுக்குப் போகும் வழி மறந்து, இருந்த ஊரிலேயே ஓடித் தப்ப முடியாத ஆளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. பயத்தோடு பயமாக அவனுக்கு அவள் மேல் இரக்கமும் வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசையை மிச்சம் வைத்தான். யாருக்கு என்று அம்மா கேட்டாள். பசியில்லை என்றான்.

"பாய், முகம் ரொம்பக் கிட்ட வருது" என்று மறுபடி கடையில் போய் நின்றான்.

"எவரு முகம்?"

"பொதுவாச் சொன்னேன்."

"அப்ப இந்தாங்க. தீப்பெட்டி சைஸு. இதுல ஜூமே கெடையாது. அகலமா எடுக்கும். ஒரு ஆளை எடுத்தா ஊரே விழும், எல்லாரும் சின்னதாத் தெரிவாக."

ஊரே விழுந்தால் அவள் கூட்டத்தில் காணாமல் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டு, கூட்டம் குறையாத இருக்கன்குடிக்குப் போனான். மாரியம்மன் கோயில் பக்கம் அவனுக்கு வேலை இல்லை. அவன் வேதக்காரன், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் ஆற்றுமணலில் பொங்கல் புகையும் மொட்டைத் தலைகளுமாக அத்தனை மனிதர்கள் உயிரோடு இருப்பதைப் பார்க்கவே தெம்பாக இருந்தது. கேமராவைக் கை நீட்டிப் பிடித்து, தன்னையும் கூட்டத்தையும் சேர்த்து எடுத்தான்.

பாய் சொன்னதில் பொய்யில்லை. கூட்டம் மொத்தமும் விழுந்திருந்தது. ஜெயசுந்தர் நடுவில் நின்றான். அவன் தோளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், அவள். குடையின் நிழல் அவன் சட்டை மேல் விழுந்திருந்தது.

படத்தை விட்டுவிட்டுத் தன் தோளைப் பார்த்தான். நிழல் மெதுவாக விலகிக்கொண்டிருந்தது.

திரும்பினான். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வரிசையாக அந்தப் பக்கம் பார்த்து நின்றன. ஒரு முகம்கூடத் திரும்பவில்லை.

அவன் போகும் சர்ச்சின் பாஸ்டர் ஜேசுதாசன் நிதானமான மனிதர். ஜெயசுந்தர் கொண்டுபோய்க் காட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"பாஸ்டர், உங்க கண்ணுக்கு இந்த அம்மா தெரியுதாகளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பாஸ்டர் அவனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர் செய்யக்கூடியதைச் செய்தார். கண்ணை மூடி, "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நீர் குறித்து வைத்த துணையை, ஏற்ற காலத்தில் அவன் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தும்."

ஜெயசுந்தர் ஆமென் சொல்லவில்லை. ஏற்கெனவே பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. இதற்கு மேல் கிட்ட நிறுத்தினால் மடியில்தான்.

வெளியே வந்து சர்ச் கேட்டை ஒரு படம் எடுத்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். முதல் தடவையாக, சிரித்துக்கொண்டு.

அன்று முழுக்க அவன் யோசித்தான். ஊரில் ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததைச் சொல்லப் பயப்படுகிறார்கள். எப்படி இருந்தாலும் இவள் தன்னை விடப்போவதில்லை. ரீனாவைக் கட்டிக்கொண்டு வந்தால், நைட் டூட்டி முடிந்து அசந்து வரும் பெண், வீட்டில் இந்த முகத்திலா முழிக்க வேண்டும்? ரீனாவின் கொட்டாவி நினைவுக்கு வந்தது.

மலைக் குழுவில் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டான். சம்பந்தம் வேண்டாம் என்பதையும் அதன் காரணத்தையும் நேரிலேயே சொல்லிவிடுவது என்று சாத்தூருக்கு பஸ் ஏறினான். போகிற வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போகலாம் என்றால், காரச்சேவுக்கே பேர்போன சாத்தூருக்கு யாராவது காரச்சேவு வாங்கிப் போவார்களா? வெறுங்கையோடு போனான். பாயிடம் வாங்கிய மூன்று கேமராவில் மிஞ்சிய அந்தத் தீப்பெட்டி சைஸ் கேமரா மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

மத்தியானம். தெருவில் ஆள் இல்லை. வெயிலில் தெருவே வெளிறிப்போயிருந்தது. விலாசம் சரிபார்த்து ஒரு நீலக் கதவைத் தட்டினான். உள்ளே செருப்பில்லாத கால் நடந்து வரும் சத்தம் கேட்டது. நடை அவசரப்படவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

வெள்ளைச் சேலை. மூக்கோரம் மரு. கண்ணாடிக்குப் பின்னால் அதே கண்கள்.

ஜெயசுந்தரின் கை தானாகப் பையில் இருந்த கேமராவைப் பிடித்தது. எடுத்து என்ன ஆகப்போகிறது? ஓடலாம் என்றால் புது ஷூ இன்னும் பழகவில்லை.

"இங்கனயும் வந்துட்டீகளா" என்றான்.

அவள் கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் உங்களைக் கொறை சொல்லல. நீங்க எங்கன செத்தீகளோ, எம்புட்டுக் கஷ்டப்பட்டீகளோ. ஆனா இந்த வீட்டை விட்டுருங்க. ரீனா பாவம். நான் அவகிட்டச் சொன்னதே பொய்யி, எனக்கு மலையும் தெரியாது ஒண்ணும் தெரியாது. உண்மையைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க என் கூடவே வந்துருங்க. வீட்டுல எடம் இருக்கு. அந்தப் பிள்ளையை மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீக."

உள்ளே எங்கோ பாத்திரம் உருண்டது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் வந்தது. பின்பாதியில் அது கொட்டாவியாக மாறியது.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"உள்ள வாங்க தம்பி, நான் ரீனாவுக்குப் பெரியம்மா. உங்க ஊருல கம்பெனி, டீக்கடையில இருந்து சர்ச் வரைக்கும் குடையோட உங்க பின்னாலேயே வந்து, 'மாப்பிள்ளை காதுக்கு மட்டும் போயிரக் கூடாது'ன்னு எல்லாருட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் விசாரிச்சேன். பையன் மலைப் பக்கமே போனதில்லேன்னு விசாரிச்ச அன்னைக்கே அவகிட்டச் சொல்லிட்டேன், 'அதனால என்ன பெரியம்மா, எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு அவளும் அன்னைக்கே சொல்லிட்டா."