உப்புக் குறைந்த ஓவியம்

ஒரு காட்டில், பெருநகரமாகி வெகுநாளாகியும் தன்னைக் காடு என்றே எழுதிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஓர் ஆடு கலை விமர்சகராக இருந்தது. முன்பெல்லாம் அது சுவரொட்டிகளைத் தின்று வாழ்ந்தது. எந்த ஓவியர் கண்காட்சி வைத்தாலும் அறிவிப்பை முதலில் கடித்தது அதுதான். இத்தனை கலைஞர்களை அறிந்தவர் வேறு யாருமில்லை என்று நாளிதழ்க்காரர்கள் அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைக் கொடுத்தார்கள்.

அதே காட்டில் ஒரு நத்தை, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், மூன்று மழைக்காலமாக ஊர்ந்து ஊர்ந்தே ஒரு படம் வரைந்தது. ஏரியிலிருந்து குன்றுவரை தான் நனைந்தபடி போன வழி. வெயில் சாய்வாக விழும்போது மட்டும் கோடுகள் வெள்ளியாகத் தெரியும். யாராவது ஒருவர் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நத்தைக்கு வேறு ஆசை இல்லை.

கலைக்கூடத்தில் விண்ணப்பம் கொடுத்தது. எழுத்தர் ஆமை படிவத்தைப் புரட்டியது.

“விமர்சனம் இணைக்கலையே?”

“படத்தை மாட்டினாத்தானே விமர்சனம் வரும்?”

“விமர்சனம் வந்தாத்தான் மாட்ட முடியும். ஏழாவது கட்டத்தைப் பாரும்மா.”

நத்தை பதினெட்டு நாள் நடந்து ஆட்டின் வீட்டுக்குப் போனது. ஆடு தாளை முகர்ந்தது.

“ஒண்ணும் பிடிபடலையே.”

“கொஞ்சம் வெயில் சாயட்டும் ஐயா. அப்போ தெரியும்.”

“நாலு மணிக்கு எனக்கு வேற திறப்பு விழா இருக்கு.”

வாசலில் காகம் நின்றிருந்தது. வருடத்துக்கு நாலு கண்காட்சி வைக்கிற காகம்.

“என்ன நத்தையக்கா, பசை தடவலையா? மைதா காய்ச்சி, உப்புப் போட்டு, பின்னாடி தடவணும். எங்க எல்லாரோட பாணியும் அதுதான்.”

“உப்பா?” உப்புப் பட்டால் கரைந்துபோகிற நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தது. “போடாட்டி?”

“விமர்சனத்துல ரெண்டு பத்தி குறையும்.”

உப்பைக் காகமே போட்டுக் கொடுத்தது. நத்தை தள்ளி நின்றது.

ஆடு கண்ணை மூடிக்கொண்டு மொத்தத் தாளையும் தின்றது.

“ஐயா, பார்த்தீங்களா?”

“பார்க்கிறதெல்லாம் பொதுஜனம் செய்யற வேலைம்மா.”

ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வந்தது. ‘இந்த ஆண்டின் தலையாய படைப்பு. தொடக்கத்தில் மென்மை, நடுவில் துணிச்சல், முடிவில் ஒரு பழைய நாட்காட்டியின் துயரம். ஒரு துணுக்கைக்கூட மிச்சம் வைக்க மனம் வரவில்லை.’

ஆமை முத்திரை குத்தியது.

“படம் இப்போ இல்லைங்க” என்றது நத்தை.

“படத்துக்குக் கட்டமே இல்லையேம்மா. புதன்கிழமை கூடம் உங்களுக்கு.”

வெற்றுச் சுவரில் நத்தை அந்த விமர்சனத்தை ஒட்டியது. காகம் ஊரில் இல்லை. உப்புப் போட ஆளில்லை. ஒட்டிய தாளின்மேல், ஏரியிலிருந்து குன்றுவரை, நினைவிலிருந்த மட்டும் மறுபடி நடந்தது.

புதன்கிழமை எல்லாரும் வந்தார்கள். சமோசா தின்றார்கள். விமர்சனத்தைப் படித்துத் தலையாட்டினார்கள். நாலரை மணிக்கு மேற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்தது. தாளின்மேல் வழி முழுதும் வெள்ளியாக எழுந்தது.

“இந்தப் பளபளப்பு எழுத்தை மறைக்குது” என்றது ஒரு மயில். யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

ஆடு முன்னால் வந்து, தாளைக் கிழித்துத் தின்றது. அடுத்த ஞாயிறு எழுதியது: ‘முந்தைய படைப்பின் ஆழம் இதில் இல்லை.’

நீதி: உங்கள் விருப்பம்போல் வரையுங்கள், உப்பை மட்டும் விமர்சகர் விருப்பம்போல் போடுங்கள்.